மூணு எச்.பி. மோட்டார்

கேரள எல்லையில், பாறசாலைப் பக்கத்தில் நல்ல கரண்டு என்று ஒன்று வருமானால் அது விடியற்காலம் நாலரையிலிருந்து ஏழு மணி வரைதான். அதற்குப் பிறகு ஊரெல்லாம் பம்பு செட்டும் மாவு மில்லும் இழுக்கத் தொடங்கிவிட்டால், பட்டறையில் தொங்குகிற பல்பு பழுத்த பப்பாளி மாதிரி மங்கிப் போகும். சாயங்காலம் அரை மணி நேரம் அந்தப் பப்பாளியும் கிடையாது. அணையில் தண்ணீர் இல்லை என்று சர்க்கார் பவர்கட் வைத்திருந்தது. தொண்ணூற்றேழாம் வருஷம், மாசி மாதம்.

அதனால் ராஜபாய் நாலு மணிக்கு எழுந்து, செங்கலிலிருந்து வயல் வரப்பு வழியாக ஒன்றரை மைல் நடந்து, நாலரைக்கெல்லாம் சுந்தரதாஸ் முதலாளியின் கத்திப் பட்டறையில் தீட்டுகிற பெல்ட் முன்னால் பலகை போட்டு உட்கார்ந்துவிடுவாள். முதலில் வாயையும் மூக்கையும் சேர்த்து ஒரு துவர்த்துத் துண்டால் இறுக்கிக் கட்டுவாள். பிறகு தகர டின்னில் தண்ணீர். பிறகு முந்தானையைச் சுருட்டி இடுப்பில் செருகல். அவள் சேலைகளை வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடை மாதிரி இருக்கும். எல்லாம் தீப்பொறி போட்ட ஓட்டை.

அது ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிற கத்தி செய்கிற பட்டறை. பழைய லாரியின் ஸ்பிரிங் பிளேட்டை உலையில் பழுக்க வைத்து அடித்து நீட்டுவது பொன்னப்பன். எண்ணெயில் முக்கி உரம் ஏற்றுவதும் அவர்தான். அந்தக் கறுத்த இரும்பை பெல்ட்டில் பிடித்து, நுனி வளைவைத் தீட்டி, முகம் பார்க்கிற மாதிரி வெளுக்க வைப்பது ராஜபாய். மோட்டார் சுற்றும், அது ஒரு புல்லியைச் சுற்றும், புல்லி உருளையைச் சுற்றும், உருளையின் மேல் சொரசொரத்த எமரி பெல்ட் ஓடும். ஓடுகிற பெல்ட்டில் கத்தியை ஒட்டிப் பிடிக்க வேண்டும். கத்தியின் முதுகில் இடது பெருவிரலை வெறுமனே வைக்க வேண்டும். துணி கூடாது, தோல் கூடாது. விரல் பொறுக்கிற வரைக்கும் இரும்பும் பொறுக்கும். விரல் சுட்டால் அந்த நொடியே டின்னில் முக்கிவிட வேண்டும். ஒரு நொடி தப்பினால் கத்தி வாயில் மஞ்சள் ஓடும், அடுத்த நொடியில் நீலம் ஓடும். நீலம் ஓடிய கத்தி செத்த கத்தி. நாலு மரம் வெட்டினால் மடங்கிவிடும். பதினொரு வருஷத்தில் ராஜபாயின் பெருவிரல் காய்த்து, அட்டைப் பெட்டி மூலை மாதிரி ஆகியிருந்தது. அந்த விரலால்தான் பட்டறைக்கே நல்ல பெயர்.

பட்டறையில் பதினாலு பேர். அதில் எட்டுப் பேருக்கு மஸ்டர் என்கிற பேர்ப் புத்தகத்தில் பேர் உண்டு. எட்டும் இந்தப் பக்கத்து ஆட்கள். மற்ற ஆறு பேர் களியக்காவிளை தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து நடந்தும் பஸ்ஸிலும் வருகிறவர்கள். அவர்களுக்குப் புத்தகம் கிடையாது. வாயால் கூப்பிட்டால் வேலை, வாயால் போகச் சொன்னால் இல்லை. ஓணத்துக்கு எட்டுப் பேருக்கு முண்டும் சேலையும் கிடைக்கும். ஆறு பேர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பேச்சும் ஒன்று, சாப்பாடும் ஒன்று, சொந்தபந்தம்கூட அங்கேயும் இங்கேயும் உண்டு. ஆனாலும் மஸ்டர்க்காரர்கள் அவர்களை "வரத்துக்காரு" என்றுதான் சொல்வார்கள். ராஜபாயும் சொல்லியிருக்கிறாள்.

பழைய மோட்டார் ஒரு எச்.பி. மங்கின கரண்டில் ஓடி ஓடி மாசி மாதத்தின் முதல் வாரத்தில் கருகி நாறிவிட்டது. அதைக் கழற்ற உதியன்குளங்கரையிலிருந்து யோசுவா வந்தான். மோட்டாருக்குள் காயில் கம்பி சுற்றுகிறவன். முப்பது வயது, வாய் ஓயாது. சுந்தரதாஸ் ஒரு டெம்போவில் வேறொரு மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினார். பனச்சமூட்டில் பூட்டிப்போன, மரம் அறுக்கிற ஒரு தடி மில்லிலிருந்து வாங்கியது. மூன்று எச்.பி. பன்றிக் குட்டி பருமன்.

யோசுவா குனிந்து அதன் நெற்றியில் அடித்திருந்த தகட்டைத் துடைத்துப் பார்த்தான்.

"முதலாளி, இது மத்தது மாதிரி இல்ல கேட்டேளா. பழசு மினிட்டுக்கு ஆயிரத்தி நானூறு சுத்து. இது ரெண்டாயிரத்தி எண்ணூறாக்கும். மோட்டார் புல்லியப் பாதி சைஸாக்கணும். இல்லேன்னா பெல்ட்டு டபிள் ஸ்பீடில ஓடும்."

"டபிள் ஓடட்டும்னுதாம்லே வாங்குனது. காலத்த ரெண்டர மணிக்கூறு கரண்டில எனக்கு நூத்தம்பது கத்தி வேணும். சித்திரையில பால்வெட்டு தொடங்கும். கடக்காரன் வாசல்ல நிக்கான்."

"கையில நிக்காது முதலாளி."

"ஒனக்க கையிலயாலே நிக்கணும்? பூட்டிட்டுக் கூலிய வாங்கிட்டுப் போ."

யோசுவா ராஜபாயைப் பார்த்தான். ராஜபாய் மோட்டாரைப் பார்த்தாள். அவளுக்கு அதைப் பற்றி என்ன தெரியும்? யோசுவா பூட்டினான். ஸ்விட்சைப் போட்டதும் பழைய மோட்டார் மாதிரி அது முனகவில்லை. கூவியது. கூரை ஓட்டிலிருந்து பத்து வருஷத்துத் தூசி பொலபொலவென்று உதிர்ந்தது.

முதல் கத்தியிலேயே ராஜபாய்க்கு விளங்கிவிட்டது. வைத்த உடனே விரல் சுட்டது, சுட்டவுடன் முக்கினாள், அதற்குள்ளேயே நீலம் ஓடிவிட்டது. விரலைவிட வேகமாக இரும்பு காய்ந்தது. இத்தனை வருஷம் விரலுக்கும் இரும்புக்கும் இருந்த பேச்சுவார்த்தை அன்றைக்கு அறுந்தது. மூன்றாம் நாள் பெருவிரல் கொப்பளித்தது. ஐந்தாம் நாள் கொப்பளம் உடைந்து சீழ் வைத்தது. பெல்ட்டின் ஒட்டு இரண்டு தடவை விட்டு, சாட்டை மாதிரி வந்து அவள் தோளில் அடித்தது. கடைக்காரன் நீலம் ஓடிய கத்தி நாற்பதைத் திருப்பி அனுப்பினான்.

"நாப்பதையும் திரும்ப அடிச்சுத் தீட்டு. கூலி கேக்கப்பிடாது" என்றார் சுந்தரதாஸ்.

"முதலாளி, யோசுவா சொன்ன அந்தச் சின்னப் புல்லிய வாங்கிப் போட்டா மதி. எல்லாம் சரியாவும்."

"சின்னப் புல்லி போட்டா கத்திக்க எண்ணமும் கொறயும். அதுக்கா மூணு எச்.பி.? சுடுகுதுன்னா கைக்கு உறை வாங்கித் தாறேன். நான் ஒண்ணும் மனுசப்பற்று இல்லாதவன் இல்ல."

வாங்கியும் கொடுத்தார். களியக்காவிளைச் சந்தையில் பேண்டு செட்டுக்காரர்கள் போடுகிற வெள்ளைத் துணிக் கையுறை. ஒரு டஜன். ராஜபாய் ஒன்றைப் போட்டுக் கத்தியைப் பிடித்துப் பார்த்தாள். விரலுக்குக் குருட்டுத்தனம் வந்த மாதிரி இருந்தது. சூடும் தெரியவில்லை, இரும்பும் தெரியவில்லை. நூல் பெல்ட்டில் உரசிப் பிசிறு பறந்தது.

"இது கைய இழுக்கும் முதலாளி. வெறுங்கையின்னா உருவிக்கிடலாம். துணி விடாது."

"உறை போடாதவ பெல்ட்டில இருக்க வேண்டாம்."

மறுநாள் ராஜபாயின் விரல் பழுத்து, கைமுட்டு வரை தெறித்தது. வீட்டில் புருஷன் நேசையனுக்கு வேலை இல்லை. ரப்பர் இலை உதிர்ந்து பால்வெட்டு நின்றிருந்தது. இரண்டு மாசமும் அவள் கூலியில்தான் அடுப்பு எரிய வேண்டும். லீவு சொல்ல முடியாது. பக்கத்தில் கத்திக்குப் பிடி போடுகிற ஷியாமளாவைக் கூப்பிட்டாள். இருபத்திரண்டு வயது. அந்தப் பக்கத்துப் பெண், ஆறு பேரில் ஒருத்தி. ராஜபாயிடம்தான் ஆறு மாதமாகத் தீட்டப் படித்துக்கொண்டிருந்தாள்.

"மக்கா, இன்னைக்கு ஒருநாள் நீ இரு. எனக்குக் கை தூக்க வய்ய."

ஷியாமளா இரண்டு வெள்ளை உறையையும் மாட்டிக்கொண்டு கையை வாயருகே கொண்டுபோய் விரல்களை ஆட்டினாள். "எக்கா, நான் இனி கிளாரினெட்டாக்கும் வாசிக்கப் போறேன். ஒங்க வீட்டுக் கல்யாணத்துக்குச் சொல்லுங்க, கொறச்சு வாங்குகேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பொன்னப்பன் உலையிலிருந்து, "முதல்ல கத்திய வாசி பிள்ளே" என்றார்.

ஆறே கால் மணிக்கு அது நடந்தது. சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. துணி கிழிகிற மாதிரி ஒரு சர்ரென்ற ஓசை. இடது கை உறையின் நுனி பெல்ட்டில் மாட்டி, பெல்ட்டுக்கும் கத்தியைத் தாங்குகிற கட்டைக்கும் நடுவில் இருந்த அரை அங்குல இடைவெளிக்குள் கை போனது. ஷியாமளா கத்தவில்லை. "எக்கா" என்று மட்டும் சொன்னாள், ஏதோ தண்ணீர் கேட்கிற மாதிரி. பொன்னப்பன் பாய்ந்து மெயின் ஸ்விட்சைத் தட்டினார். ஆனால் மூன்று எச்.பி. மோட்டார் உடனே நிற்குமா? இன்னும் எத்தனையோ சுற்று தானாகச் சுற்றிவிட்டுத்தான் நின்றது. அந்தச் சுற்றெல்லாம் அவள் கையின் மேல்தான்.

சுந்தரதாஸ் வீட்டிலிருந்து லுங்கியோடு ஓடிவந்தார். முதலில் பெல்ட்டைப் பார்த்தார். பிறகுதான் பெண்ணைப் பார்த்தார்.

முதலாளியின் ஜீப்பில் ராஜபாய் ஏறி உட்கார்ந்து ஷியாமளாவின் கையைத் தன் துவர்த்தால் சுற்றி மேலே தூக்கிப் பிடித்தாள். வண்டி புறப்படும்போது பொன்னப்பன் பின்னால் ஓடிவந்து ஒரு வாழை இலைப் பொதியை அவள் மடியில் வைத்தார். "உறைக்குள்ள இருந்துது" என்றார். ராஜபாய் பிரித்துப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது, இரண்டு விரல்.

பெரிய ரோட்டுக்கு வந்தால் வடக்கே ஐந்து நிமிஷத்தில் சர்க்கார் ஆஸ்பத்திரி. அங்கிருந்து திருவனந்தபுரம் போக ஒரு மணி நேரம். ஜீப் தெற்கே திரும்பியது.

"முதலாளி, ஆஸ்பத்திரி அந்தப் பக்கமில்லா?"

"களியக்காவிளைக்கு அங்க எனக்குத் தெரிஞ்ச டாக்டரு உண்டு."

"அது தூரமில்லா முதலாளி! செக்போஸ்டில லாரி நிக்கும்."

"நீ வாய வச்சுக்கிட்டு இரி."

லாரி நின்றது. ஒரு மைல் நீளத்துக்கு நின்றது. முட்டை லாரி, சிமெண்டு லாரி, வைக்கோல் லாரி. சுந்தரதாஸ் ஹாரன்கூட அடிக்கவில்லை. யாராவது வந்து எட்டிப் பார்த்துவிடுவார்களோ என்று கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். ரத்தம் ராஜபாயின் முழங்கை வழியாக வழிந்து ஜீப்பின் ரப்பர் விரிப்பில் சொட்டியது.

"எக்கா, எனக்க கை அங்கேயே இருக்குதா?"

"இருக்கு மக்கா. நான் பிடிச்சிருக்கேன்லா."

"வெரலு அசையுக மாதிரி இருக்கு."

ராஜபாய் மடியில் இருந்த இலைப் பொதியின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள்.

அந்தத் தனியார் ஆஸ்பத்திரி டாக்டர் இளவயது. இலையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "ரெண்டு மணி நேரம் ஆச்சே. நேரா திருவனந்தபுரம் கொண்டு போயிருந்தா ஒட்டிப் பார்த்திருப்பாங்க. எதுக்கு இவ்வளவு தூரம் இந்தப் பக்கம் வந்தீங்க?"

சுந்தரதாஸ் அவரைத் தோளில் கைபோட்டு வெளியே கூட்டிப்போனார். திரும்பி வந்த டாக்டர் காயத்தைக் கழுவினார். கழுவக் கழுவக் கறுப்பாக இரும்புத் தூள் வந்தது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சீட்டில் எழுதினார்: வீட்டில் கிரைண்டரில் மாவாட்டும்போது.

வெளியே வரும்போது சுந்தரதாஸ் ராஜபாயிடம் சொன்னார்: "ரெண்டு வெரலுதானே போச்சு. பாக்கி எட்டு உண்டுல்லா."

பத்தரை மணிக்கு ராஜபாயைப் பட்டறையில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். பெல்ட்டை உலைச் சாம்பல் போட்டுத் துடைத்து வைத்திருந்தார்கள். "இருபத்திநாலு கத்தி பாக்கி. சாயங்காலம் லோடு போவணும். இரி" என்றார். அவள் சேலையில் ரத்தம் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. வயிற்றில் காலையிலிருந்து ஒன்றும் இல்லை. வீட்டில் அடுப்பு, நேசையன், மாசி, பங்குனி, எல்லாம் மனசில் ஓடியது. அவள் உட்கார்ந்தாள். மங்கின கரண்டில் மெதுவாக ஓடிய பெல்ட்டில் இருபத்திநாலு கத்தியையும் தீட்டினாள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பட்டறையில் அன்றைக்கு எல்லோரும் வேலை செய்தார்கள், அதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை.

மூன்றாம் நாள் சாயா நேரத்தில் சுந்தரதாஸ் ஒரு பேப்பரைக் கொண்டுவந்து ராஜபாயிடம் நீட்டினார். அதில் எழுதியிருந்தது இது: ஷியாமளா என்ற பெண் இந்தப் பட்டறையில் ஒருநாளும் வேலை செய்ததில்லை. சாயா கொண்டுவரும் பழக்கத்தில் வந்துபோகிறவள். அவள் கையில் காயம்பட்டது அவள் வீட்டில். சாட்சி, மஸ்டரில் உள்ள எட்டுப் பேர்.

"முதல் ஒப்பு நீ போடு. நீ போட்டா மத்த ஏழும் போடும். அந்தப் பிள்ளைக்க அம்மைக்கு நான் வேண்டியது செய்யுகேன்."

"மஸ்டரில இல்லன்னா இங்கயும் இல்லைன்னு அர்த்தமா முதலாளி?"

"ஆமா. சர்க்காருக்குப் புஸ்தகமாக்கும் சாட்சி. ஒனக்க பேரு புஸ்தகத்தில இருக்குகது ஆரு தயவு? நாளைக் காலத்த ஒப்பு வேணும். இல்லேன்னா பேரு இருக்காது."

அவர் போன பிறகு எட்டுப் பேரும் தென்னை மூட்டில் கூடினார்கள். பிடி போடுகிற பிஜிதான் முதலில் பேசினாள். கெட்டிக்காரி, பத்தாம் வகுப்பு படித்தவள். "போட்டுட்டுப் போவலாம் எக்கா. பாவந்தான், இல்லேன்னு சொல்லல்ல. ஆனா அவ அந்தப் பக்கத்து ஆளு. நமக்கு எதுக்கு வம்பு? எனக்கு ரெண்டு பிள்ளைய உண்டு."

"பெல்ட்டுக்கு மஸ்டர் வாசிக்கத் தெரியாது பிஜி" என்றார் பொன்னப்பன். "அன்னைக்கு அந்தப் பலகையில யாரு இருக்கணும்? ராஜபாயில்லா? நாளை நீ இருப்ப. அப்பம் ஒன்னையும் சர்க்கார் ஆஸ்பத்திரில கேஸு எழுதப்பிடாதுன்னு தெக்க கொண்டு போவும்."

"அண்ணன் பேசுகது எளுப்பம். பேரு வெட்டிட்டா?"

ராஜபாய் சொன்னாள்: "நான்தாம்ளா அவள இருத்துனது. எனக்க கை நொந்துதுன்னு அவ கையக் குடுத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அதே பெல்ட்டில இருபத்திநாலு கத்தியும் தீட்டினேன். அதுக்கு மேலயும் ஒரு ஒப்பு போட்டா, எனக்கு எனக்க பேரு எதுக்கு?"

பிஜி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அன்று வேலை முடிந்து ராஜபாய் நேரே உதியன்குளங்கரைக்குப் போனாள். யோசுவா கடையில் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான்.

"நீ பூட்டுனதாக்கும்" என்றாள் ராஜபாய், உட்காராமலே.

"தெரியும்க்கா. நான் சொன்னேன்லா அவருட்ட."

"சொன்ன. பொறவு பூட்டுன."

யோசுவா கம்பியைக் கீழே வைத்தான். "என்ன செய்யணும், சொல்லுங்க."

"நெய்யாற்றிங்கரையில லேபர் ஆபீஸுக்குப் போறோம். நாளை எட்டு மணி பஸ்ஸு. நீ சொன்னதையும் அவரு சொன்னதையும் ஒரு கடதாசியில எழுதிக் குடு. அதுக்கு முன்ன ஷியாமளா வீட்டுக்குப் போ. அடிபட்ட ஆளு இல்லாம நாம மட்டும் போய் நின்னா புஸ்தகத்தக் காட்டித் திருப்பி அனுப்பீரும். அவ வரணும்."

யோசுவா சைக்கிளில் போய் இரண்டு மணி நேரத்தில் திரும்பி வந்தான். முகம் செத்திருந்தது. "வாசல்ல முதலாளிக்க ஜீப்பு நிக்குது. கொறச்சு மாறி நின்னு அது போன பொறவாக்கும் போனேன். அம்மை கதவத் தொறக்கல்ல. ஜன்னல் வழியாட்டு பஸ்ஸு நேரத்தச் சொன்னேன். எத்தன பேருன்னு உள்ள இருந்து ஷியாமளா கேட்டா. பதிமூணுன்னேன். அதுக்குப் பொறவு சத்தமும் அனக்கமும் இல்ல."

பதிமூன்று பேர் வருவார்களா என்று ராஜபாய்க்கே தெரியாது.

மறுநாள் நாலரை மணி. கரண்டு பால் மாதிரி வெளுத்து வந்தது. மோட்டார் ஓடவில்லை. உலை மூட்டவில்லை. சுந்தரதாஸ் வந்து வாசலில் நின்றார்.

"என்னலே பொன்னப்பா, நல்ல கரண்டு வெறுதே போவுது?"

"ஸ்விட்சு போட ஆளில்ல முதலாளி."

"ராஜபாயி, ஒப்பு?"

"போட்டாச்சு. கடதாசிதான் வேற" என்று ராஜபாய் நீட்டினாள். அவர் வாங்கிப் படித்தார். ஷியாமளா இந்தப் பட்டறையில் ஆறு மாதமாக வேலை செய்கிறாள். மோட்டார் மாற்றிய பிறகுதான் இது நடந்தது. புல்லியை மாற்றித் தடுப்புப் போடாமல் நாங்கள் பெல்ட்டில் உட்கார மாட்டோம். அவள் விரலுக்கு முதலாளி பொறுப்பு. அவர் அதை நாலாகக் கிழித்துப் போட்டார்.

"கிழிச்சது நல்லதாச்சு" என்றார் பொன்னப்பன். "அது எனக்க எழுத்து, ஒக்க பிழையாக்கும். நல்லா எழுதுனது வேற உண்டு."

சுந்தரதாஸ் அவரைப் பார்க்கவில்லை. எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். குரல் தாழ்ந்தது. அவர் கத்தும்போது இருக்கிற பயத்தைவிட இது பெரிய பயம்.

"நான் ஒரு காரியம் சொல்லுகேன். மஸ்டரில உள்ளவங்க உள்ள போய் வேலையப் பாருங்க. கழிஞ்சது கழிஞ்சு. ஓணத்துக்கு ஒரு மாசக் கூலி அதிகம் தாறேன். மத்த அஞ்சு பேரு, அந்தப் பக்கத்துக்காரங்க, இப்பம் கேட்டுக்கு வெளிய போங்க. இனி வர வேண்டாம். பனச்சமூட்டிலேருந்து நாளை பத்துப் பேர எறக்குவேன்."

ஐந்து பேரும் தூக்குப் போணியை எடுத்துக்கொண்டு நடந்தார்கள். அவர்களுக்கு அது பழக்கம். போ என்றால் போவது. கேட்டைத் தாண்டி ரோட்டில் போய் நின்றார்கள். உள்ளே எட்டுப் பேர். யார் காலும் அசையவில்லை. ஒரு மாசக் கூலி என்கிற வார்த்தை ஒவ்வொருத்தர் வயிற்றிலும் போய் உட்கார்வது ராஜபாய்க்குத் தெரிந்தது, தன் வயிற்றிலும்தான்.

அப்போது பிஜி தன் பலகைக்குப் பக்கத்தில் தொங்கிய குடையை எடுத்தாள்.

"எங்கட்டி போற?" என்றார் சுந்தரதாஸ்.

"அந்த நல்லா எழுதுன கடதாசி எனக்க கையெழுத்தாக்கும் முதலாளி. ராத்திரி பிள்ளையளத் தூங்க வச்சிட்டு மலையாளத்தில எழுதினேன். நான் போவாம அத ஆரு வாசிச்சுக் குடுக்கும்?"

அவள் கேட்டைத் தாண்டிப் போய் ஐந்து பேருக்கு நடுவில் நின்றாள். அதன் பிறகு ராஜபாய் நடந்தாள். பொன்னப்பன் உலைமேல் கிடந்த சட்டையை உதறி மாட்டிக்கொண்டு வந்தார். பின்னால் ஒவ்வொருவராக மற்றவர்களும்.

"பத்துப் பேர எறக்குவேன்னு சொன்னேன், கேட்டுதா?" சுந்தரதாஸ் உள்ளேயிருந்து கத்தினார்.

"எறக்குங்க முதலாளி" என்றார் பொன்னப்பன். "வாறவங்க உள்ள கேறுகதுக்கு முன்ன ஷியாமளாக்க கையக் காட்டிக் குடுக்கதுக்கு நாங்க இங்க நிப்போம்."

ரோட்டோரத்து ஓடைச் சுவரில் கடதாசியை வைத்து எல்லோரும் ஒப்புப் போட்டார்கள். கடதாசி மலையாளம். ஒப்பு எட்டு மலையாளத்தில், ஐந்து தமிழில்.

எட்டு மணிக்குப் பாறசாலை பஸ் ஸ்டாப்பில் பதிமூன்று பேரும் நின்றார்கள். யோசுவா சைக்கிளைச் சாயாக்கடையில் பூட்டிவிட்டு, சட்டைப் பையில் மடித்த பேப்பரோடு வந்து சேர்ந்துகொண்டான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஜீப் வந்து நின்றது. உள்ளே சுந்தரதாஸ் எஞ்சினை நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தார். பயமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒருத்தி கடதாசியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். ஒருவர் இருந்த பீடியை எல்லாம் பிடித்துத் தீர்த்துவிட்டார்.

"வருவாளா?" என்றாள் பிஜி.

"அறியல்ல" என்றாள் ராஜபாய். "நான் அவளாயிருந்தா வரமாட்டேன். எனக்க மொகத்தில முழிக்க மாட்டேன்."

எட்டேகாலுக்குக் களியக்காவிளை பக்கமிருந்து பஸ் வந்தது. சிவப்பு சர்க்கார் பஸ். நிறைய கூட்டம்; படியில் இரண்டு பேர் தொங்கினார்கள். ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விடும் என்றுதான் தோன்றியது. ஆனால் சரியாக அவர்கள் முன்னால் வந்து கிறீச்சிட்டு நின்றது. கண்டக்டர் தலையை வெளியே நீட்டினார். நரைத்த மீசை, காதில் பேனா.

"வேகம், வேகம் கேறிக்கோ! பதிமூணு பேரல்லே? ஈ கொச்சுப் பெண்ணு கேறிய ஒடனே டிக்கட்டு எடுத்திட்டு பறஞ்ஞு, பாறசாலயில எனிக்கு பதிமூணு ஆளுண்டு, வண்டி நிறுத்தாம போவக்கூடாதென்னு. ஞான் நிறுத்தி. கேறு!"

ராஜபாய் படியில் கால் வைத்தபடியே உள்ளே பார்த்தாள். பெண்கள் சீட்டில் ஜன்னலோரம் ஷியாமளா. இடது கை தலையணை பருமனுக்குக் கட்டு. முகம் வெளுத்து, உதடு வெடித்து. பக்கத்தில் அவள் அம்மை, அழுது வீங்கிய கண்ணோடு, மகளின் மருந்துப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு.

கண்டக்டர் எண்ணினார். "இது பதினாலாயல்லோ!"

"அந்த ஒண்ணு நானாக்கும் சாரே" என்றான் யோசுவா. "அவ கணக்கில நான் இல்ல. நானாட்டு வந்தேன்."

அம்மை எழுந்து இடம் கொடுத்தாள். ராஜபாய் உட்காரவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்கக் கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டாள். "மக்கா, நாங்க வரல்லேன்னா? பஸ்ஸ நிறுத்திட்டு என்ன செய்வ?"

"வராம எங்க போவிய?" என்றாள் ஷியாமளா. குரல் பலவீனமாக இருந்தது, ஆனால் அந்தக் குறும்பு போகவில்லை. பிறகு கொஞ்சம் யோசித்து, "வரல்லேன்னா நான் எறங்கி வந்து ஒவ்வொருத்தராட்டு இழுத்திருப்பேன். ஒரு கை நல்லாத்தானே இருக்குது" என்றாள்.

ராஜபாய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பஸ் குலுங்கும்போது கம்பியில் இடிக்காமல் அந்தக் கட்டுப்போட்ட கையைத் தன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள். கண்டக்டர் இரட்டை மணி அடித்தார்.

பின் சீட்டிலிருந்து பிஜி எட்டிப் பார்த்தாள். "எக்கா, ஜீப்பு பின்னாலயே வருது."

"வரட்டு பிள்ளே" என்றார் பொன்னப்பன், கூட்டத்துக்கு நடுவில் ஒற்றைக் காலில் நின்றபடி. "ஆபீஸர் அவரக் கூப்பிட ஆளனுப்ப வேண்டாம்லா."